உறக்கப் பனியை உடைத்தவன்

அஸ்லம், நீ இருந்திருந்தால் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட உன் கூட்டாளி பிரகாஷ் கட்டுரை எழுதுகிறான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். எனக்கு இருபத்தேழு வயது. கூலிக்குக் கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிற வேலை பார்த்தேன், அதில் அது பென்ஷன் வயது. வலது மணிக்கட்டு காலையில் மடங்குவதில்லை, கண் சாயங்காலம் கலங்கிவிடுகிறது. அதனால் போன வருஷம் வேலையை விட்டு எழுந்துவிட்டேன். இப்போது அம்பிட்டியவில் வீட்டோடு இருந்து போன் பழுது பார்க்கிறேன். பழைய வேலையைப் பற்றி எழுதச் சொல்லி விளையாடுகிற தம்பி தங்கச்சிமார் பலமுறை கேட்டார்கள். எழுதவில்லை. இப்போது எழுத ஒரு காரணம் வந்திருக்கிறது.

போன மாதம் அந்த விளையாட்டின் கம்பெனிக்காரர்கள் அதிலுள்ள உறக்கப் பனி என்ற மந்திரத்தை மாற்றிவிட்டார்கள். இனிமேல் அதைப் போட நான்கு மூலைக்கு ஆள் வேண்டாம், தொண்ணூறு விநாடி காத்திருக்க வேண்டாம். ஒரே தட்டு, பனி வந்துவிடும். விளையாடுகிறவர்களின் போன் குரூப்பில் அதைப் பற்றிப் பேசும்போது ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "பிரகாஷ் அண்ணா, அந்தக் காலத்துல நெசமாவே அடி வாங்கிக்கிட்டு சும்மா நின்னீங்களா? யாருமே அஸ்லம் பண்ணலயா?" அதன் கீழே இருபது பேர் சிரித்திருந்தார்கள்.

கடைசி நேரத்தில் கை தவறி எல்லாவற்றையும் கெடுப்பதற்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் சொல் அது. அஸ்லம் பண்ணிட்டான், அஸ்லம் ஆயிட்டான். அது ஒரு ஆளின் பெயர் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த ஆள் இரண்டு மாதத்துக்கு முன்னால் இறந்து, மடவளை மையவாடியில் மண்ணுக்குள் இருக்கிறான். அன்று பனியை உடைத்தது அவன் இல்லை. யார் என்று சொல்கிறேன். ஆனால் வேலை எப்படி நடந்தது என்று முதலில் சொன்னால்தான் அது விளங்கும்.

எங்கள் அறை கண்டி டவுனில், ஒரு புடவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. ஐந்து கதிரை, ஐந்து கம்ப்யூட்டர், தகரக் கூரை. வெளிநாட்டில் ஆட்கள் தூங்கும் நேரம் நமக்குப் பகல். அவர்கள் தூங்கும்போது அவர்களுடைய உருவங்களுக்குள் நாங்கள் புகுந்து, அவர்களுக்காகச் சண்டை பிடிப்போம். எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகும் வேலைதான். அம்மா பக்கத்து வீட்டில் "பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான்" என்றுதான் சொல்லி வைத்திருந்தார். கழுதை முகத்தோடு ஒரு அமெரிக்காக்காரனின் கோட்டையைக் காக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எனக்கு இங்கிலீஷ் வராது. நிறத்தை வைத்துப் பழகினேன். பச்சை என்றால் போ, சிவப்பு என்றால் திரும்பு, ஊதா என்றால் அஸ்லமைக் கேள். பக்கத்துக் கதிரை அவனுடையது. என்னை விட ஒரு வயது மூத்தவன், மடவளையிலிருந்து பஸ்ஸில் வருவான். எட்டு மாதத்தில் என்னை உறக்கப் பனிக்கு ஒரு மூலையில் நிறுத்தினார்கள்.

எங்கள் தலைவர் நவாஸ் நானா, அண்ணன் என்ற முறையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். முன்பு பிரைவேட் பஸ்களுக்கு டைம்கீப்பராக இருந்தவர். அந்த வேலைக்கு வைத்திருந்த விசில் இன்னமும் கழுத்தில் தொங்கும், ஆனால் அறைக்குள் ஒரு தடவையும் ஊதியதில்லை. சத்தம் போடவும் மாட்டார். கதிரையின் முதுகைப் பிடித்தபடி பின்னால் நிற்பார். கை தோளில் படாது. நாம் தப்புச் செய்தால் கதிரையிலிருந்து கையை எடுத்துவிடுவார். அவ்வளவுதான் தண்டனை. முதுகுப் பக்கம் குளிர்ந்த மாதிரி இருக்கும்.

இப்போது உறக்கப் பனி. இங்கிலீஷில் அதற்கு நீளமான பெயர். அந்த உலகத்தில் சாம்பல் வெளி என்று ஒரு பெரிய சமவெளி உண்டு. எந்தப் பக்கம் பார்த்தாலும் மங்கலான வெளிச்சம், பொழுது விடிந்ததா சாய்ந்ததா என்று தெரியாது. அதன் நடுவில் கோட்டை. கோட்டைக்காக ஆயிரம் பேர் மோதுகிற சண்டையை ஐந்து பேர் முடித்து வைக்கும் மந்திரம் இது.

ஒருவர் நடுவில் நிற்க வேண்டும். அவர் கீபோர்டில் ஏழு சாவியை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திப் பிடித்து, ஸ்கிரீனில் ஓடும் ஒளி வளையம் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்ததும் விட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் போச்சு. அதற்குத் தொண்ணூறு விநாடி. மற்ற நால்வர் நாற்பது அடி தள்ளி நான்கு மூலையில் கம்பை ஊன்றி நிற்க வேண்டும். ஊன்றிய பிறகு அசையக் கூடாது. எதிரி வெட்டினாலும் குத்தினாலும் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவர் அசைந்தாலும் பனி வெளியெங்கும் பரவாமல் நடுவில் நிற்பவர் மேல் மட்டும் இறங்கும். அவருடைய உருவம் உறங்கிவிடும், பிறகு எழும்பாது. எத்தனை வருஷம் வளர்த்திருந்தாலும் அழிந்ததுதான்.

நடுவில் நிற்பது எப்போதும் அஸ்லம். நாங்கள் நால்வரும் வாடிக்கைக்காரர்களின் உருவத்தில் போவோம். அவன் மட்டும் தன் சொந்த உருவத்தில் வருவான். பெயர் மழைக்காரன். நெட்டையாக, ஒல்லியாக, வெள்ளைப் போர்வை போர்த்தவன். பதினாறு வயதிலிருந்து அதை வளர்த்தான். மற்ற மூலைகளில் கலகெதரவிலிருந்து வரும் அண்ணன் தம்பி இருவரும் சுபா அக்காவும்.

கம்பு ஊன்றுவதற்கு முன்னால் நானா வரிசையாகக் கேட்பார்.

"கை கழுவினீங்களா?"

"கழுவிட்டோம் நானா."

"ரோல்ஸ் திண்ட கையோட ஒருத்தரும் இல்லயே?"

"இல்ல நானா."

"பாத்ரூம் பெய்த்து வந்தாச்சா? எங்கயாவது சொறியணும் எண்டா இப்பவே சொறிஞ்சிடுங்க."

சுபா அக்கா சொல்வார்: "நானா, இவன் பிரகாஷுக்கு மூளையில அரிக்குதாம்."

"அது ஈந்தா தானே அரிக்க," என்பான் அஸ்லம். இருந்தால்தானே என்பதை அவன் ஊரில் அப்படிச் சொல்வார்கள்.

நானா சிரிக்க மாட்டார். "மூலைக்காரர் கைய வைங்க" என்பார். மூலைக்காரர்கள் கம்பை ஊன்றியவுடன் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார வேண்டும். அது நானா வைத்த சட்டம். கை வெளியே இருந்தால் அது ஏதாவது செய்யத்தான் பார்க்கும் என்பது அவர் கணக்கு.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அதை யாரும் சட்டமாக வைக்கவில்லை. அந்த உலகத்தில் ஒரு சாவியை அழுத்தினால் உருவம் கைகூப்பிக் குனியும். சாம்பல் வெளியில் இறங்கியதும் ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் குனிவோம். வழியில் யார் குனிந்தாலும், தெரியாத ஆளாக இருந்தாலும், பதிலுக்குக் குனிவோம். வெளிநாட்டுக்காரர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள், கடந்து ஓடிவிடுவார்கள். "ஸலாம் சொன்னா பதில் சொல்லாம போக ஏலா மச்சான்" என்பான் அஸ்லம். எனக்கும் வீட்டில் அப்படித்தான். யாராவது வணக்கம் சொல்லி, நான் பேசாமல் நின்றால் அம்மா முதுகில் வைப்பார்.

பனி சரியாக விழுந்த நாட்களை எப்படிச் சொல்வது? முதலில் சத்தம் குறையும். வாளும் குதிரையும் கத்தலும் தூரத்துக்குப் போகும். பிறகு வெள்ளையாக ஒன்று மேலிருந்து இறங்கும். பறந்துகொண்டிருந்த அம்புகள் வேகம் குறைந்து, மெதுவாகப் புல்லில் வந்து படுக்கும். குதிரைகள் நின்றபடியே தலையைத் தொங்கப் போடும். ஓங்கிய கத்தியோடு ஒருத்தன் அப்படியே முழங்காலில் உட்கார்ந்து கன்னத்தைத் தன் கேடயத்தில் சாய்ப்பான். ஆயிரம் பேர் மூச்சு விடுவது காதுக்குள் கேட்கும். அந்தத் தூக்கத்துக்கு நடுவே நாங்கள் ஐந்து பேரும் கோட்டைக்கு நடந்து போவோம். ஓட வேண்டியதில்லை, மூன்று நிமிஷம் இருக்கிறது. ஒருவரும் பேச மாட்டோம். பேசினால் அவர்கள் விழித்துவிடுவார்கள் என்பது போல இருக்கும். ஒருமுறை கலகெதர அண்ணன் தும்மிவிட்டு, மைக்கில் "சாரி" என்று அந்த எதிரிகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

வேலை முடிந்து அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினால் அந்த உலகம் கூடவே வரும். மழை பெய்த சாயங்காலங்களில் மலைப் பக்கத்திலிருந்து மூடுபனி இறங்கி ரோட்டில் நிற்கும். பஸ்ஸில் எல்லோரும் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குவார்கள், மடியில் மரக்கறிப் பை. நான் மட்டும் விழித்திருப்பேன். இவர்களை எழுப்பாமல் கோட்டைக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நான் இறங்க வேண்டிய ஹோல்ட்டைத் தவறவிட்டு, மேட்டிலிருந்து திரும்பி நடந்து வந்திருக்கிறேன்.

இனி அந்த நாள்.

காலை பதினொரு மணி இருக்கும். மழை விட்டு வெயில் வராத நேரம். ஒரு பெரிய வாடிக்கைக்காரக் கூட்டத்துக்காகக் கோட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டிய சண்டை. நானா வழக்கம் போல எல்லாம் கேட்டார். கம்பை ஊன்றினோம். நானா அஸ்லமின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றார்.

நான் கை மேல் உட்காரவில்லை. இரண்டு வருஷமாக மூலையில் நின்றவன், என் கை எனக்கு அடங்காதா என்று ஒரு திமிர். அதற்கு முன்னும் சில தடவை அப்படி இருந்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. கை கீபோர்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

அறுபது விநாடி தாண்டியிருக்கும். ஐந்தாவது சாவி முடிந்து ஆறாவது. சாம்பல் வெளியில் சத்தம் குறையத் தொடங்கியிருந்தது. எதிரிப் பக்கத்திலிருந்து ஒருத்தி ஈட்டியோடு என்னை நோக்கி ஓடி வந்தாள். அது பெண் உருவம், உள்ளே யார் இருந்தார்களோ தெரியாது. குத்தப் போகிறாள் என்று இருந்தேன். அவள் எனக்கு முன்னால் நின்றாள். ஈட்டியைத் தரையில் வைத்தாள். இரண்டு கையையும் கூப்பி, தலை தாழ்த்திக் குனிந்தாள்.

ஏன் குனிந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தந்திரமாக இருக்கலாம். நிராயுதபாணியாக நிற்கிற ஒருவனைக் குத்துவதற்கு முன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நம்மைப் போல ஒரு ஊரில், இதே மாதிரி ஒரு மாடியில் கூலிக்கு விளையாடிய ஒரு பிள்ளையாகக்கூட இருக்கலாம். நான் யோசிக்கவில்லை. என் விரல் அந்தச் சாவியைத் தட்டியது. என் உருவம் கம்பை விட்டு, கைகூப்பிக் குனிந்தது.

இறங்கி வந்த வெள்ளை நடுவானில் நின்றது. பிறகு ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, ஒரு கொசுவலை அளவாகி, மழைக்காரன் மேல் மட்டும் விழுந்தது. அவன் முழங்கால் மடிந்து, போர்வையை இழுத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தான். சண்டைச் சத்தம் திரும்பி வந்தது. அஸ்லமின் ஸ்கிரீன் முழுக்க வெள்ளையாகி, நடுவில் ஒரு வரி வந்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் என்னவென்று எனக்குத் தெரியும்.

யார் அசைந்தது என்று அந்த விளையாட்டு சொல்லாது. உடைந்தது என்று மட்டும்தான் சொல்லும். நானாவின் கை கதிரையிலிருந்து எடுபட்டது.

"யாரு?" என்றார்.

பனியை உடைத்தவர் எழுந்து போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. அதுவும் சட்டம். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். வீட்டில் வேலைக்குப் போகிறவன் நான் ஒருவன்தான். நான் என் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அஸ்லம் ஹெட்போனைக் கழற்றினான். வயரைச் சுற்றி ஒழுங்காக மேசையில் வைத்தான்.

"நான் தான் நானா. ஆறாவது சாவிய வெரசா வுட்டுட்டேன். கை வழுக்கிட்டு."

"நீயா?"

"நான் தான்."

நானா படிப் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப எழும்பு," என்றார்.

அஸ்லம் எழுந்தான். செருப்பைப் போட்டான். சுபா அக்கா அழுதார். "என்னத்துக்கு அழுறீங்க ராத்தா, நான் மௌத்தாகல்லயே, செத்தது அவன் தானே," என்று ஸ்கிரீனைக் காட்டினான். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. நான் என் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் கை இரண்டும் தொடைக்குக் கீழே இருப்பதைக் கவனித்தேன். எப்போது வைத்தேன் என்று தெரியாது.

நடுக் கதிரை பிறகு எனக்குக் கிடைத்தது. தம்பி தங்கச்சிமாருக்குத் தெரிந்த பிரகாஷ் அண்ணா அந்தக் கதிரையில் இருந்தவன்தான். அது எப்படி எனக்கு வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இரண்டு கிழமை கழித்து மடவளைக்குப் போனேன். அஸ்லம் தன் ராத்தாவின் மாப்பிள்ளை, அதாவது அக்கா புருஷன், வைத்திருந்த செருப்புக் கடையில் நின்றான். என்னைக் கண்டதும் ஒரு பாட்டா ஜோடியைத் தூக்கிக் காட்டினான்.

"வாங்க தொர, என்ன சைஸ்?"

"டேய், வெளாடாத. ஏன்டா அப்படிச் சொன்ன?"

"இங்க நல்லம் மச்சான். வாற ஒருத்தனும் என்ன கொல்ல வாரதில்ல. ரப்பர் செருப்பு தான் கேக்குறான்."

"அஸ்லம்."

அவன் செருப்பைக் கீழே வைத்தான். "ஒரு மனிசன் குனிஞ்சு வணக்கம் வெச்சான், நீயும் வெச்சாய். அதுக்கு ஒன்ன எழுப்பி வுடுறத எனக்கு பாத்துக்கொண்டு ஈக்க ஏலா."

"நீ பாத்தியா?"

"நடுவுல நிக்கிறவனுக்கு நாலு மூலையும் தெரியும் தானே."

"உன் மழைக்காரன் போயிட்டானே."

"ம்." கீழே வைத்த செருப்பை எடுத்துத் தட்டில் அடுக்கினான். "நல்லா தூங்கினான், இல்லயா? போர்வையெல்லாம் இழுத்துக்கொண்டு."

நான் நானாவிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். அஸ்லம் என் சட்டையைப் பிடித்தான். "ஒன்ட அம்மாட ஒப்பரேஷன் முடியட்டும். பொறகு செல்லு. இப்ப வாய மூடிட்டு ஈ."

ஒப்பரேஷன் முடிந்தது. அம்மா சுகமாகி வீட்டுக்கு வந்தார். பிறகு சொல்லலாம் என்று அவனே சொல்லியிருந்தான். நான் சொல்லவில்லை. ஒரு மாதம் போனது, ஒரு வருஷம் போனது. பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சில நேரம் நானும் கூடச் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். அஸ்லம் அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புவான், தீபாவளிக்கு நான் பலகாரம் கொண்டு போவேன். அவன் என் முகத்தைப் பார்த்தால், சொல்லிவிட்டாயா என்று கேட்கப் போகிறான் என்று பயப்படுவேன். கேட்டதில்லை.

டெங்குக் காய்ச்சல். ஐந்து நாள்தான். ஆறாம் நாள் காலை அவனுடைய ராத்தா போன் எடுத்தார். "பிரகாஷ் தம்பி, எங்கட அஸ்லம் பெய்த்தார்" என்றார். எங்கே போனான் என்று நான் கேட்டேன். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா, இறந்தவருக்கான தொழுகை. நான் பள்ளிவாசல் வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே இடமில்லாமல் பக்கத்தில் நவாஸ் நானா வந்து நின்றார். முடியெல்லாம் நரைத்திருந்தது. தொழ வைப்பதற்கு முன்னால் ராத்தாவின் மாப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்கட அஸ்லம் யாருக்காவது மனசு நோக ஏதாவது செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக அவர மன்னிச்சுக்கொள்ளுங்க."

நானா தலையைக் குனிந்து, தனக்குள் சொல்வது போலச் சொன்னார்: "நான் மன்னிச்சிட்டேன்."

எனக்குக் கேட்டது. ஒரு அடி தூரம்கூட இல்லை. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அஸ்லம் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டு மண்ணுக்குள் போனான். அது எனக்கு உரிய மன்னிப்பு, நான் கேட்காத மன்னிப்பு. கூட்டம் கலைந்த பிறகும் நான் அதே இடத்தில் நின்றேன். நானா என்னைப் பார்த்துவிட்டு, "கவலப்படாதீங்க, நல்ல மனிசன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தம்பியின் கேள்வியையும் கீழே இருந்த சிரிப்பையும் பார்த்த அன்றே கட்டுகஸ்தோட்டையில் நானாவின் வீட்டுக்குப் போனேன். முன் அறையில் என்னை உட்கார வைத்து ப்ளேன்டீ கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கை மேல் உட்காராததிலிருந்து சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"அவன எழும்பு எண்டு சொன்ன ஆள் நான். அவன்ட மௌத்துல நிண்டு, மன்னிச்சிட்டேன் எண்டு பெரிய ஆள் மாதிரி சொன்னதும் நான்."

"நானா, தப்பு என்னுது."

"ஓ, ஒங்கட தான். எனக்கிட்ட செல்லி என்ன செய்ய? நான் ஒரு ஆள். ஊரெல்லாம் அவன்ட பேர சொல்லி சிரிக்கிது. ஊருக்கே செல்லுங்க."

இதுதான் அந்த ஊருக்குச் சொல்வது. உறக்கப் பனியை உடைத்தவன் நான், சண்முகம் மகன் பிரகாஷ். இனிமேல் கை தவறினால், பிரகாஷ் பண்ணிட்டான் என்று தாராளமாகச் சொல்லுங்கள், சிரியுங்கள். அவன் பெயரை அதற்கு எடுக்காதீர்கள். அவனுடைய உம்மாவும் போனில் இதையெல்லாம் பார்க்கிறவர்.

ஒரு வேண்டுகோள். தொழுகிறவர்கள் உங்கள் துஆவில் மடவளை அஸ்லமையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவனுடைய கப்ர், அந்த மண்ணறை, விசாலமாக இருக்கட்டும் என்று கேளுங்கள். கோயிலுக்கோ சர்ச்சுக்கோ விகாரைக்கோ போகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்த மாதிரி அவனுக்காகக் கேளுங்கள். எனக்கும் யாராவது கேட்க நினைத்தால், அதையும் அவனுக்கே கேட்டுவிடுங்கள்.